சம்மந்தியின் மூச்சு

அத்தியாயம் 14

சாவகச்சேரியிலிருந்து வீரகத்தியார் வருகிறார் என்று தபாலட்டை வந்து மூன்று நாளாகிறது. அந்த மூன்று நாளும் இராசமலர் வைத்த கறி ஒன்றிலாவது உப்பு அளவாக இருக்கவில்லை.

அவளுடைய மகள் ஜெகதீஸ்வரிக்கும் வீரகத்தியாரின் மூத்த மகன் செல்வநாயகத்துக்கும் சாதகம் பொருந்தி, பேச்சும் ஒப்பேறி, ஆவணியில் தட்டு மாற்றுவது என்று முடிவாகியிருந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். நினைவில்லாதவர்களும் பயப்பட வேண்டாம். இனி நடக்கப்போவது எல்லோருக்கும் விளங்கும்.

இந்த நல்ல காரியத்துக்குக் குறுக்கே வந்து விழுந்தது ஒரு வகுப்பு.

கிளிநொச்சிக்கு அப்பால், ஆறாம் வாய்க்கால் குடியேற்றத்துப் பள்ளிக்கூடத்தில், சனிக்கிழமை தோறும் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி தவராசா முதலுதவி வகுப்பு நடத்தி வந்தார். ஆஸ்பத்திரி எட்டு மைல் தூரம். பாம்பு கடித்தவரும் மரத்தால் விழுந்தவரும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு சாய்ந்தவரும் அங்கே போய்ச் சேருமட்டும் உயிரைப் பிடித்து வைத்திருக்க ஊருக்குள்ளேயே நாலு பேர் வேண்டும் என்பது அவர் கட்சி. பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். பத்துப் பேர் ஆண்கள். மிச்சம் இரண்டில் ஒன்று ஜெகதீஸ்வரி.

கட்டுப் போடுவது, தடி வைத்துக் கட்டுவது வரைக்கும் யாரும் வாய் திறக்கவில்லை. மூச்சு நின்றுபோன ஆளுக்கு வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும் என்று தவராசா சொல்லிக் கொடுத்தாரே, அன்றைக்குப் பிடித்தது சனியன். அந்தச் செய்தி மறுநாள் காலை பஸ்ஸில் ஏறி, பரந்தன் தாண்டி, ஆனையிறவு தாண்டி, நேரே வீரகத்தியார் வீட்டு வாசலில் இறங்கியது.

உண்மையைச் சொன்னால் இராசமலருக்கும் அந்த வகுப்புப் பிடிக்கவில்லை. பெற்ற பிள்ளை கடித்த மாம்பழத்தையே கழுவித் தின்கிறவள் அவள். எச்சில் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பாள்.

ஆனால் வீட்டில் பழகுவதற்கு மகளுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. தகப்பன் இளையதம்பியைப் பாயில் கிடத்தினால் இரண்டு நிமிஷத்தில் குறட்டை வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பின்னேரமும் மூச்சு நின்றவளாகக் கிடக்க வேண்டியது இராசமலர்தான்.

"விளக்கு வைக்கிற நேரத்திலை பெத்த தாயைப் பிரேதம் மாதிரிக் கிடத்தி வைச்சிருக்கிறாய். நல்லாயிருக்கோ உனக்கு?"

"பிரேதம் கதைக்கக்கூடாது அம்மா. நாடியை இன்னும் மேலை தூக்குங்கோ."

மகள் மோவாயை நிமிர்த்துவாள், மூக்கைப் பொத்துவாள், கன்னத்துக்குப் பக்கத்தில் சும்மா ஊதுவாள். பிறகு நெஞ்செலும்பின் மேல் இரண்டு கையையும் வைத்து, பாரம் கொடுக்காமல், "ஒண்டு, ரண்டு, மூண்டு" என்று எண்ணுவாள். இராசமலர் மோட்டு வளையைப் பார்த்துக்கொண்டு நாளைக்கு என்ன கறி வைப்பது என்று யோசிப்பாள். இப்படி இரண்டு மாதம் ஓடிப் போயிருந்தது.

இன்றைக்குக் கடைசி வகுப்பு. சோதனை நாள். வீரகத்தியார் வருகிற நாளும் இதேதான். "ஒரு நாளைக்கு நில்லு பிள்ளை" என்று தாய் கெஞ்சிப் பார்த்தாள். "இவ்வளவு நாளும் படிச்சிட்டு இண்டைக்கு நிக்கிறதோ?" என்று மகள் காலை ஏழு மணிக்கே போய்விட்டாள்.

வீரகத்தியார் ஏழரைக்கு வந்தார். சரிகைச் சால்வை, கையில் ஒரு தோல் பை. கதிரையில் இருக்கச் சொன்னபோது இருந்தார். பையைக் கீழே வைக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டார். நல்லது பேச வந்த ஆள் பையை மடியில் வைத்திருக்கமாட்டார் என்று இராசமலருக்குத் தெரியும்.

"பிள்ளை எங்கை தங்கச்சி?"

"கோயிலுக்குப் போட்டாள் அண்ணை. இப்ப வந்திடுவாள்."

"அப்பிடியோ? நான் வாற வழியிலை பள்ளிக்கூடத்து விறாந்தையிலை ஆரோ ஒருத்தன்ரை காலிலை தடி வைச்சுக் கட்டிக்கொண்டு நிண்டா. அங்கை என்ன சாமி?"

இளையதம்பி சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார். இராசமலருக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல் இருந்தது.

"நான் சுத்தி வளைச்சுக் கதைக்க வரேல்லை" என்றார் வீரகத்தியார். "முதல்லை ஒருக்காத் தோய வேணும். பிறகு கதைப்பம்."

"கிணத்திலை அள்ளி வைக்கிறன் அண்ணை."

"கிணறு எங்கட வீட்டிலையும் கிடக்குது. உங்கட ஓடுற தண்ணியைக் காட்டுங்கோ."

யாழ்ப்பாணத்து ஆட்களுக்குக் கிணற்றுத் தண்ணீரைத்தான் தெரியும். அது நின்ற இடத்தில் நிற்கும், கூப்பிட்டால் வாளியில் ஏறி வரும். வாய்க்கால் தண்ணீருடைய குணம் வேறு. சிறுபோக வயல்களுக்குக் குளம் திறந்திருந்த நேரம் அது. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் கரை முட்ட ஓடியது. ஊரவர்கள் குளிக்கிற படிக்கட்டில் அன்றைக்கு ஒரு எருமை ஆறுதலாகக் கிடந்தது. எருமை கிடந்த தண்ணீரில் வீரகத்தியார் கால் வைப்பாரா? மூக்கைச் சுளித்துக்கொண்டு மதகுக்குக் கீழே போனார். அங்கே தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. தண்ணீர் விழுந்து விழுந்து அரித்த குழி, இரண்டு ஆள் ஆழம். ஊர்ச் சனம் மாட்டைக்கூட அந்தப் பக்கம் விடுவதில்லை.

கூடப் போன இளையதம்பி சொல்லியிருப்பார். ஆனால் அவர் அந்த நேரம் மறந்துபோன சவுக்காரத்தை எடுக்க வீட்டுப்பக்கம் திரும்பியிருந்தார். விருந்தாளி படிக்கட்டில்தான் நிற்கிறார் என்பது அவர் எண்ணம்.

குசினிக்குள் புட்டு அவித்துக்கொண்டிருந்த இராசமலருக்கு "ஐயோ, ஆள் தாண்டு போச்சுது!" என்ற சத்தம் கேட்டது. பக்கத்துக் காணி ஐயாத்துரையின் குரல். அகப்பை கையில் இருக்க அப்படியே ஓடினாள்.

அவள் கரைக்கு வரும்போது இளையதம்பி குழிக்குள் இறங்கி இரண்டு தரம் வெறுங்கையோடு மேலே வந்திருந்தார். மூன்றாம் தரம் வந்தபோது வீரகத்தியாரின் குடுமி கையில் இருந்தது. அவரும் ஐயாத்துரையுமாக இழுத்துக் கரையில் போட்டார்கள். முகம் நீலம் பாரித்துக் கிடந்தது. நெஞ்சு அசையவில்லை.

"சுத்து! தூக்கிச் சுத்து!" என்றார் இளையதம்பி.

தண்ணீரில் தாண்டு மூழ்கியவரைத் தலைக்குமேல் தூக்கிச் சுற்றினால் குடித்த தண்ணீர் வெளியே வரும் என்பது ஊர் வழக்கம். ஐயாத்துரை மூடை தூக்குகிற ஆள். ஒரே மூச்சில் வீரகத்தியாரைத் தோளுக்கு ஏற்றிவிட்டான்.

"கீழை வை!"

யார் கத்தியது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இராசமலரும் பார்த்திருப்பாள், கத்தியது தான்தான் என்று தெரியாதிருந்தால். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவள் குரல் உயர்ந்ததில்லை.

"கீழை வை எண்டு சொல்லுறன்! சுத்தக்கூடாது. மூச்சுத்தான் குடுக்க வேணும்."

ஐயாத்துரை இறக்கி வைத்தான். மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தான். அவன் முகம் கறுத்துப் போயிற்று. "ஆள் முடிஞ்சுது அக்கா" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான்.

"இஞ்சாருங்கோ, வாயை வைச்சு ஊதுங்கோ" என்றாள் இராசமலர் புருஷனிடம். என்னதான் இருந்தாலும் ஆணுக்கு ஆண் என்பது அந்த நேரத்திலும் அவள் நினைப்பு. இளையதம்பி குனிந்து ஊதினார். ஊதிய காற்று வீரகத்தியாரின் மூக்கு வழியாக அவர் முகத்துக்கே திரும்பி வந்தது.

"மூக்கைப் பொத்துங்கோ!"

மனிதர் மூக்கைப் பொத்தினார், தன்னுடைய மூக்கை. பாவம், கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

இராசமலர் அவரை ஒரு பக்கம் தள்ளிவிட்டு முழங்காலில் இருந்தாள்.

சம்மந்தியாகப் போகிற ஆண்பிள்ளை. எச்சில். ஊர் என்ன சொல்லும். இவை எல்லாம் அவள் மனதில் வந்தன, வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவற்றைவிடப் பெரிதாக ஒரு பயம் வந்தது. இந்த மனிதர் என் வீட்டு வாசலில் சாகக்கூடாது.

அவள் ஒரு நாளும் வகுப்புக்குப் போனவள் அல்ல. படித்ததெல்லாம் கீழே கிடந்து படித்ததுதான். மோவாய் தாழ்ந்திருந்தால் தொண்டை அடைக்கும், நிமிர்த்தினால் திறக்கும் என்பதை அவளுடைய தொண்டையே அறியும். விரல் விட்டு வாய்க்குள் இருந்த சேற்றை வழித்தாள். தலையைச் சாய்த்தாள். மோவாயைத் தூக்கினாள். மூக்கை இறுக்கிப் பொத்தி, தன் வாயை வைத்து ஊதினாள். வீரகத்தியாரின் நெஞ்சு எழும்பியது. வாயை எடுத்தாள். தாழ்ந்தது.

"முருகா" என்றாள். மறுபடியும் ஊதினாள்.

கரையில் சனம் கூடிவிட்டது. பத்து முறை ஊதினாளோ, இருபது முறையோ, அவளுக்குக் கணக்கில்லை. தலை சுற்றியது. யாரோ ஓடி வந்து எதிர்ப்பக்கத்தில் முழங்காலில் விழுந்தார்கள். ஜெகதீஸ்வரி. பின்னால் சைக்கிளைப் போட்டுவிட்டுத் தவராசா வந்துகொண்டிருந்தார். ஐயாத்துரை பள்ளிக்கூட வாசலில் "வீரகத்தியார் வாய்க்காலிலை முடிஞ்சு போனார்" என்று கத்திவிட்டு, நிற்காமல் கிளிநொச்சிப் பக்கம் போயிருந்தான்.

மகள் வீரகத்தியாரின் பக்கம் குனிந்தாள். கழுத்தில் விரலை வைத்தாள். உதட்டைக் கடித்தாள்.

"துடிப்பைக் காணேல்லை. அம்மா, நான் அஞ்சு எண்ணினாப் பிறகு ஒருக்கா ஊதுங்கோ. நிப்பாட்டக்கூடாது."

இந்த முறை பாரம் கொடுத்தாள். இராசமலருக்கு அந்த இடம் தெரியும். இரண்டு மாதம் அவளுடைய நெஞ்சில் அந்தக் கை இருந்த இடம்.

"ஒண்டு, ரண்டு, மூண்டு, நாலு, அஞ்சு."

ஊதினாள்.

"ஒண்டு, ரண்டு, மூண்டு, நாலு, அஞ்சு."

தவராசா பக்கத்தில் குந்தி, கழுத்தில் விரலை வைத்தபடி, "சரி, சரி, அப்பிடியே" என்றார். மகள் களைத்தபோது அவர் நெஞ்சை அமத்தினார். பிறகு கையை எடுத்து மறுபடியும் கழுத்தில் வைத்துப் பார்த்தார்.

"துடிக்குது" என்றார். "ஊதுங்கோ அக்கா, விடாதேங்கோ."

இன்னும் நாலு மூச்சு. வீரகத்தியாரின் தொண்டையில் ஒரு உறுமல் கேட்டது. தவராசா சட்டென்று அவரைப் பக்கமாகப் புரட்டினார். வாய்க்கால் தண்ணீர் முழுவதும் வெளியே வந்தது. இருமினார். மறுபடியும் இருமினார். நீலம் கழன்று முகத்தில் மனித நிறம் ஏறியது. கரையில் நின்ற சனம் போட்ட சத்தத்தில் எருமை எழும்பி ஓடிவிட்டது.

வீரகத்தியார் கண்ணைத் திறந்தார். சுற்றிப் பார்த்தார்.

"என்ரை சால்வை எங்கை?" என்றார்.

இராசமலர் சேற்றிலேயே இருந்துகொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் ஜெகதீஸ்வரி பிறந்த அன்றைக்குத்தான் வந்திருந்தது.

"ஆர் தொடங்கினது?" என்று கேட்டார் தவராசா.

"அம்மா" என்றாள் ஜெகதீஸ்வரி.

"அவா வகுப்புக்கு வாறேல்லையே!"

"அவாதான் சேர் எங்கட வீட்டுப் பிரேதம்."

தவராசா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மகளைப் பார்த்து, "சோதனை முடிஞ்சுதெண்டு நினைக்காதை. கட்டுப் போடுறது இன்னும் மிச்சம்" என்றார். இளையதம்பி ஈர வேட்டியோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வகுப்புக்குத் தன் பெயரை எழுதச் சொல்லி அங்கேயே மன்றாடத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

மூச்சு வந்தாலும் நெஞ்சுக்குள் போன தண்ணீர் பிறகு வேலை காட்டும் என்று தவராசா சொன்னதால், ட்ராக்டர் பெட்டியில் வைக்கோல் போட்டு வீரகத்தியாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டொக்டர் பார்த்தார். இரண்டு நாள் கிடக்க வேண்டும், பயமில்லை என்றார்.

மத்தியானம் ஒரு மணிக்கு இராசமலர் கஞ்சி கொண்டு போனாள். வீரகத்தியார் தலையணையில் சாய்ந்திருந்தார். இளையதம்பியும் ஜெகதீஸ்வரியும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"தங்கச்சி" என்றார் வீரகத்தியார். "நான் இண்டைக்கு இதை முறிக்கத்தான் வந்தனான்."

"தெரியும் அண்ணை."

"கண்டவன்ரை வாயிலை வாய் வைக்கிற பெட்டை எங்கட குடும்பத்துக்குச் சரிவராதெண்டு சொல்ல வந்தனான். அந்தக் கண்டவன் நானாய்ப் போனன்." அவர் சிரிக்கப் பார்த்தார். நெஞ்சு நொந்தது. "இனி ஆர் என்ன சொன்னாலும் எங்கட வீட்டுக்கு இந்தப் பிள்ளைதான். வகுப்புக்கும் போகட்டும். சாவகச்சேரியிலை வந்து தானே ஒரு வகுப்பு நடத்தட்டும்."

ஜெகதீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தாலும் சிரிப்புத் தெரிந்தது. இராசமலருக்கு மூன்று நாள் பாரம் ஒரு நொடியில் இறங்கியது.

வீரகத்தியாரின் முகம்தான் மெல்ல வாடியது.

"ஆனால் ஒரு சிக்கல் இருக்குது" என்றார். "நான் இஞ்சை முறிக்க, என்ரை மனிசி அங்கை முடிக்கிறதெண்டு ஒழுங்கு. இண்டைக்குப் பத்தரைக்கு மீசாலையிலை வேறை ஒரு பொம்பிளை வீட்டிலை இரஞ்சிதம் தட்டு மாத்துறதெண்டு பேச்சு. எங்கட பொடியன் கொழும்பிலை. அவனுக்கே இன்னும் தெரியாது."

இளையதம்பி துள்ளிக் குதித்தார். "மாத்தியாச்சோ எண்டு தந்தி அடிச்சுக் கேட்டுப் பாப்பம்!"

"தந்தி நான் அடிச்சுப்போட்டனே" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

ஐயாத்துரை நின்றான். பிரேதம் பொறுப்பெடுக்க வந்தவன். பிரேதம் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பதைக் கண்டு வாய் திறந்தபடி நின்றான்.

"என்னெண்டு அடிச்சனி?" என்றார் வீரகத்தியார்.

"நீங்கள்... தண்ணியிலை தாண்டு... காலமெண்டு. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி."

"விலாசம்?"

"வாசிகசாலை மேசையிலை எல்லாற்றை கடிதமும் கிடக்கிறதுதானே. உங்கட தபாலட்டை வாசிச்சனான்."

"எத்தினை மணிக்கு அடிச்சனி?"

"ஒம்பதேகாலுக்கு ஐயா."

வீரகத்தியார் கண்ணை மூடிக் கையைக் கூப்பினார். "கடவுளே, என்ரை சாவு பத்தரைக்கு முந்திப் போய்ச் சேந்திருக்க வேணும்" என்றார். தன் மரணச் செய்தி நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நேர்ந்துகொண்ட மனிதர் அந்த வன்னியில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். கட்டில் கட்டிலாக விஷயம் பரவி, வார்டு முழுவதும் அவருக்காகக் கும்பிட்டது.

இரண்டு மணிக்குக் கேற்றடியில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. கார் நிற்க முதலே ஒப்பாரி இறங்கிவிட்டது.

"என்ரை ராசா! தோயப் போன இடத்திலை துலைஞ்சு போனியளோ!"

இரஞ்சிதம் தலைவிரி கோலமாக உள்ளே ஓடி வந்தாள். கூறைச் சேலை மாதிரி ஒரு பட்டு கட்டியிருந்தாள். தாதி மறிக்க முதல் கட்டிலடிக்கு வந்துவிட்டாள். புருஷனைப் பார்த்தாள். அவர் கையில் கஞ்சிக் கோப்பையைப் பார்த்தாள். ஒப்பாரி பாதியில் நின்றது.

"சாகேல்லையோ?" என்றாள்.

"இல்லையப்பா" என்றார் வீரகத்தியார் குற்றம் செய்தவர் போல.

"சாகேல்லையோ! சாகேல்லையோ!" என்று சொல்லிச் சொல்லி அவர் தோளில் இரண்டு கையாலும் அடித்தாள். பிறகு அதே தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். இராசமலருக்கும் கண் நிறைந்தது. காலையில் மட்டும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இந்த அழுகை இப்படி முடிந்திருக்காது.

வீரகத்தியார் நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். யார் ஊதியது, யார் அமத்தியது என்று சொன்னார். இரஞ்சிதம் தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். எழும்பி வந்து இராசமலரின் இரண்டு கையையும் பிடித்தாள்.

"இரஞ்சிதம்" என்றார் புருஷன் மெதுவாக. "மீசாலையிலை தட்டு?"

அவள் தலை தாழ்ந்தது.

"தட்டை மாத்தி, வெத்திலையை எடுத்து மடியிலை கட்டிக்கொண்டு எழும்ப, வீட்டிலை ஆளில்லையெண்டு தேடி வந்த தந்திக்காரன் படலையிலை நிண்டான்" என்றாள். "மாத்தியாச்சு."

ஜெகதீஸ்வரியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

காலையில் என்றால் இராசமலர் அந்தச் சொல்லைக் கேட்டு மயங்கி விழுந்திருப்பாள். இப்போது ஏனோ பயம் வரவில்லை. அதுவரை அக்கா என்றே அழைத்து வந்த இரஞ்சிதத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிடித்த கையை விடாமல், வார்டு முழுவதற்கும் கேட்கச் சொன்னாள்:

"மாத்தின தட்டைத் திருப்பிக் குடுக்கலாம், சம்மந்தி. போன மனிசனையே நாங்கள் திருப்பி எடுத்துத் தந்திருக்கிறம்."